இரட்டை வடிகட்டல்

சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வதற்கு மூக்கக்கா ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வடிகட்டும் நேரத்தில் காற்று வரக் கூடாது, தூசி விழும் என்பாள். தங்கை அதை மறுபேச்சில்லாமல் நம்பினாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை, பூந்திக்கொட்டையும் செம்பருத்தி இலையும் கற்றாழையும் கொதித்து இறங்கிய கஷாயத்தை இரண்டு பெரிய வாளிகளில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவாள். அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, நாக்கின் நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, காலி பாட்டில்களில் லேபிள் ஒட்டுவாள். ஒரு லேபிள் மயிரிழை கோணினாலும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாள். உள்ளே மூக்கக்கா துணியில் ஒரு முறை வடிகட்டி, ஆற வைத்து, மணிக்கட்டின் உள்பக்கத்தால் சூடு பார்த்து, இன்னொரு முறை வடிகட்டுவாள். பிறகு மேல் தட்டிலிருந்து பழைய காபித்தூள் டப்பாவை இறக்கி, அதற்குள்ளிருந்து ஒரு பழுப்பு நிறக் குப்பியை எடுப்பாள். பத்து லிட்டருக்கு ஒரு மூடி. முப்பது சுற்று கலக்குவாள். மூடியைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து, "முடிஞ்சுது, வா" என்பாள்.

லேபிளில் பச்சை எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. 'இயற்கைப் பொருட்கள் மட்டுமே. ரசாயனம் ஒரு துளியும் இல்லை. இரட்டை வடிகட்டல்.' மூன்றாவது வரி சத்தியமான உண்மை. முதல் இரண்டும் கதவு சாத்தும் வரைக்கும் உண்மையாக இருந்தன.

மூக்கக்கா என்ற பெயர் அவளுக்கு ஷாம்பு ஆலையில் வைத்தது. அங்கே தர சோதனைப் பிரிவில் பத்தொன்பது வருட வேலை. தொட்டியின் மூடியைத் திறந்ததும் ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இது கெட்டுப்போச்சு, கீழ ஊத்துங்க" என்பாள். சோதனைத் தட்டில் கிருமி வளர்ந்து அதே பதிலைச் சொல்ல மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் மேலாளர் அவளை முறைத்துக்கொண்டிருப்பார், நாலாவது நாள் டீ வாங்கிக் கொடுப்பார். அந்த மூக்குக்கே எட்டாத ஒன்று உண்டென்றால் அது பழுப்புக் குப்பியில் இருந்த மருந்துதான். அவள் போடுகிற அளவில் அதற்கு வாசனையே கிடையாது. ஷாம்பு கெடாமல் இருக்க ஆலையில் டன் கணக்கில் போடுவது. சோதனைக்கு எடுத்த மாதிரியில் மிச்சமானதை அவள் கழிவு வாளியில் ஊற்றாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். வேறு எந்தத் திருட்டும் அவள் வாழ்க்கையில் கிடையாது.

இந்த வேலையை அவள் ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. தங்கையின் புருஷன் ஒரு நாள் வேறொருத்தியுடன் குடித்தனம் போய்விட்டான். தங்கை ஒரே ஒரு பெட்டியோடு அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எட்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. யாரோ சொன்னார்கள் என்று பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைக்க ஆரம்பித்தாள். முடி கொட்டுவது நின்றதா, அவள் அழுவது நின்றதால் முடி நின்றதா என்பது மூக்கக்காவுக்கு இன்றுவரை சந்தேகம்தான். எப்படியோ, தங்கை எழுந்து உட்கார்ந்தாள். நாற்பது பாட்டில் போட்டாள். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் விற்றாள். இருபதாவது நாள் பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று வந்தது. உள்ளே கொழகொழவென்று ஒரு படலம். மூக்கக்கா மூக்கைக் கொண்டுபோக வேண்டிய தேவையே இருக்கவில்லை, வாசலிலேயே நாற்றம் அடித்தது.

"செடி கொடியையும் தண்ணியையும் சேர்த்து பாட்டில்ல அடைச்சு வச்சா, கிருமிக்கு விருந்து வச்ச மாதிரிதான்டி. பிரிசர்வேட்டிவ் போடணும்."

"அது மட்டும் வேணாம்கா. அதுக்கு உங்க ஃபேக்டரி ஷாம்புவையே வாங்கி வித்துட்டுப் போவேனே."

"தண்ணிகூட கெமிக்கல்தான்."

"உனக்கு நான்கூட கெமிக்கல்தான்" என்று சொல்லிவிட்டுத் தங்கை நாற்பது பாட்டிலையும் சாக்கடையில் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்த உட்கார்தலைத்தான் மூக்கக்காவால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். பிறகு, "உன் பிரச்சினை வடிகட்டறதுல இருக்கு. என்கிட்ட கொண்டா, ஃபேக்டரியில செய்யற மாதிரி ரெண்டு தடவை வடிகட்டித் தர்றேன், கெடாது" என்றாள். முகம் மாறாமல் சொன்ன அந்த ஒரு பொய்யைத் தங்கை கண் விரிய நம்பினாள், அடுத்த முறை லேபிளிலேயே அச்சடித்துக்கொண்டும் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எதுவும் கெடவில்லை. தங்கை தனியாக ஒரு வீடு பிடித்தாள். நிமிர்ந்து நடந்தாள். கண்காட்சிகளில் மேசை போட்டு, மைக் பிடித்து, ரசாயனக்காரர்களை ஒரு பிடி பிடிப்பாள். "எங்க அக்கா ஷாம்பு ஃபேக்டரியிலதான் வேலை பாக்கறா. அவளே வீட்டுல என்னோடதைத்தான் போடறா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கேட்பாள். கூட்டம் சிரிக்கும். கூட்டத்துக்குப் பின்னால் மூக்கக்காவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. இவ்வளவு பேசுகிறாளே, இவளைத் தாங்கி நிற்பது என்னுடைய ஒரு மூடி என்று அவளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டது. யாருக்கு என்ன கெடுதல்? சட்டம் அனுமதித்த அளவுக்குள்தான் போடுகிறோம். ஊரில் எல்லோர் தலையிலும் இருப்பதுதானே.

பார்லரம்மா வந்து சேர்ந்தது அப்போதுதான். மூன்று நாற்காலியும் தலை அலச ஒரு தொட்டியும் உள்ள சின்ன அழகு நிலையத்தை இருபத்தாறு வருடமாகத் தனியாளாக நடத்துகிறவள். தங்கையின் ஷாம்புவை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டினாள். பாட்டில் கட்டுப்படியாகாது என்று ஐந்து லிட்டர் கேனில் கேட்டாள். தங்கையின் வியாபாரத்தில் பாதி அவளிடம்தான் போனது. ஆனால் தங்கை அவளைச் சொல்லும்போது வாடிக்கைக்காரி என்று சொல்ல மாட்டாள், "எங்கம்மா மாதிரி" என்பாள்.

ஆறேழு மாதத்தில் பார்லரம்மாவின் விரல்கள் சிவக்க ஆரம்பித்தன. முதலில் அரிப்பு, பிறகு தோல் உரிந்தது, பிறகு மூட்டுக்கு மூட்டு வெடித்தது. தோல் மருத்துவர் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் வைத்திருந்து, எதெது அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தங்கை உடனே அந்தத் தாளோடு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பேரெல்லாம் வாய்ல நுழையலக்கா. நீ கேட்டா கண்டுபிடிச்சிருவே. நம்மளோடதுல இதெல்லாம் இல்லைன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. அவங்களுக்கு ஒரு தைரியம்."

எழுத்துக் கூட்டி வாசித்தாள். முதல் பெயர் ஒரு சாயம். இரண்டாவது ஏதோ உலோகம். மூன்றாவது பெயரைத் தங்கை பாதி வாசிக்கும்போதே மூக்கக்காவுக்கு மீதி தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடமாகக் கையெழுத்துப் போடும் தாள்களில் தினமும் பார்க்கும் பெயர். ஆயிரத்தில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரியும். எண்ணாகத்தான் தெரியும். அந்தச் சிலரில் ஒருத்திக்கு இருபத்தாறு வருட விரல்கள் இருக்கும் என்று எந்தத் தாளிலும் போட்டிருக்கவில்லை.

"என்னக்கா, லைன்ல இருக்கியா?"

"ம்."

"ஒண்ணும் இல்லையே?"

"இல்ல" என்றாள் மூக்கக்கா.

அதைச் சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. ஆனால் அதைச் சரிக்கட்ட வழி இருப்பதாகவும் தோன்றியது, அதுதான் வினை. மறுநாளே பழுப்புக் குப்பியைக் கொண்டுபோய் ஆலையின் கழிவு வாளியில் கவிழ்த்தாள். பழரசம் கெடாமல் இருக்கப் போடுகிற ஒரு வகை உப்பை வாங்கினாள். அது பார்லரம்மாவின் தாளில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கரைத்தாள். இனி கை ஆறிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்த வாரம் நிம்மதியாகக்கூட இருந்தாள். அந்த நிம்மதியை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு அதிகமாகக் கூசியது.

மூன்று மாதம் கழித்து, லேபிள் ஒட்டிக்கொண்டே தங்கை சொன்னாள்: "பார்லரம்மா கடையை மூடறாங்கக்கா. இந்த வாரத்தோட சரி."

"ஏன்? கை ஆறலையா?"

"எங்க ஆறுது, இன்னும் மோசம். கத்தரிக்கோலைப் பிடிச்சா ரத்தம் வருதாம்."

"புது ஷாம்புவைத்தானே குடுத்தே? போன மாசம் போட்டதை?"

"அவங்களுக்கு எதுக்குப் புதுசு? முன்னாடி ஒரேயடியா எட்டு கேன் வாங்கி வச்சாங்களே, அதுலயே இன்னும் ரெண்டு இருக்கு. உன் வடிகட்டல்தான் கெடவே கெடாதே" என்று தங்கை சிரித்தாள்.

மூக்கக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு கேன். அவள் ஆலையில் ஒரு தொட்டி கெட்டால் அந்தத் தொட்டியிலிருந்து எத்தனை பெட்டி வெளியே போயிற்று என்று முதலில் கேட்பவள் அவள்தான். சொந்த சமையலறை விஷயத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. மாற்றிவிட்டோம், முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு புது கேனோடு தங்கையையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது உண்மையைச் சொல்ல அல்ல, கேனை மாற்ற.

கடை பாதி காலியாக இருந்தது. ஒரு நாற்காலியை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள், அது இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. சுவரில் நீளக் கண்ணாடி, அதன் கீழே சீப்புகள், ஓரத்தில் கழுத்து வைக்கப் பள்ளம் விட்ட கறுப்புத் தொட்டி. பார்லரம்மா இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது. விரல் மடிப்புகளில் சிவப்பாக வெடிப்பு. மோதிர விரலில் மோதிரம் இருந்த தடம் மட்டும் இருந்தது.

"வாங்கடி பொண்ணுங்களா. கடைசியா ஒரு தடவை பாக்க வந்தீங்களா?"

"பழைய கேன் ரெண்டு இருக்காமே. அதைக் குடுங்கம்மா, புதுசு தர்றேன். அந்தத் தடவை போட்டதுல மணம் கொஞ்சம் சரியில்ல" என்றாள் மூக்கக்கா.

தங்கை அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்கா இங்க வந்தா என் மானத்தை வாங்கணும்? எந்தத் தடவை மணம் சரியில்ல? நீதானே பாத்துக் குடுத்தே?"

"விடு, உங்கக்கா மூக்கு உலகத்துக்கே தெரிஞ்ச மூக்கு" என்று பார்லரம்மா சிரித்தாள். "கேன் இங்க இல்லம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். டாக்டர் கண்டதையும் போட்டுக் கை கழுவாதீங்க, ரொம்ப சாதுவா ஏதாவது வச்சுக் கழுவுங்கன்னார். இதை விட சாது எது? மூணு மாசமா காலையில எழுந்ததுலருந்து படுக்கற வரைக்கும் கை கழுவறதுக்கே இதைத்தான் வச்சிருக்கேன்."

மூக்கக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பார்லரம்மா பேசிக்கொண்டே போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தை மாற்றினாளாம். துணி துவைப்பதை விட்டாளாம், வீட்டுக்காரர்தான் துவைக்கிறாராம், எல்லாச் சட்டையும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டதாம். சுவரில் அடித்த புதுப் பெயிண்டிலும் அந்தத் தாளில் இருக்கிற மூணாவது சாமான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லப்போய், பதினோரு வருடம் இருந்த வாடகை வீட்டையே காலி பண்ணிவிட்டு வேறு வீடு போனார்களாம். "பேத்திக்குத் தலை சீவி விடறதையும் விட்டுட்டேன். அவ கேக்கறா, என்மேல கோவமா பாட்டின்னு. மாத்தாதது, விடாதது உலகத்துலயே உங்க ஷாம்பு ஒண்ணுதான். மத்த எதைத் தொடறதுனாலும் கையுறை போட்டுக்கறேன். இதுக்கு மட்டும் போடறதில்ல."

தங்கையின் கண் கலங்கிவிட்டது. "நம்ம ஷாம்பு மட்டும் இல்லைன்னா இவங்க எப்பவோ கடையை மூடியிருப்பாங்கக்கா" என்றாள் மெதுவாக, அக்காவின் தோளில் கை வைத்து.

மருந்தின் மேல் மூக்கக்காவுக்கு இப்போதும் கோபம் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. லேபிளில் நாலாவது வரியாக அதன் பெயரைப் போட்டிருந்தால், பார்லரம்மா தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தன் விரல்களோடு நன்றாக இருந்திருப்பாள். தங்கை ஒரு நாள் அழுதிருப்பாள், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான் விலை. அந்த விலையைத் தான் கொடுக்காமல் ஒரு மூன்றாம் மனுஷியின் தலையில் கட்டியிருக்கிறோம் என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில் உறைத்தது. இப்போதும் வாய் திறக்காமல் எழுந்து போகலாம். புது கேனை வைத்துவிட்டுப் போனால் மெல்ல மெல்லக் கை ஆறலாம், ஆறாமலும் போகலாம். யாருக்கும் தெரியாது. அவள் எழுந்தும்விட்டாள்.

"எங்க எழுந்துட்டே?" என்றாள் பார்லரம்மா. "எத்தனையோ தலை பாத்துட்டேன், உன் தலை மட்டும் என் கைக்கு வரல. கடையை மூடறதுக்கு முன்னாடி ஒரு தலையாவது மனசார அலசிட்டுப் போறேன். வா, உக்காரு."

"வேணாம்மா. கை..."

"கை என்ன கை. உங்க ஷாம்புதானே. அந்த பாட்டில்ல பழசுதான் கொஞ்சம் இருக்கு, அது போதும்."

தங்கை சிரித்துக்கொண்டே அவளைத் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டி நாற்காலியில் சாய்த்தாள். கழுத்து பள்ளத்தில் பொருந்தியது. இப்போது மூக்கக்காவுக்குக் கூரையைத் தவிர எதுவும் தெரியவில்லை. கூரையில் ஒரு ஈரத் திட்டு, ஒரு மின்விசிறி. வெதுவெதுப்பான தண்ணீர் நெற்றியின் ஓரத்திலிருந்து பின்னால் ஓடியது. பாட்டில் மூடி திறக்கும் சத்தம். அந்த வாசனை வந்தது, பூந்திக்கொட்டையும் செம்பருத்தியும், குறை சொல்ல முடியாத வாசனை. பிறகு பத்து விரல்களும் தலைக்குள் வந்தன. வெடித்த தோலின் சொரசொரப்பு முடிக்குள் அங்கங்கே மாட்டி மாட்டி விடுபட்டது. ஆனாலும் விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில், எங்கெங்கே ஒரு மனுஷிக்கு நாள் முழுக்க வலித்திருக்கும் என்று அவை கேட்காமலே போயின. அம்மா போன பிறகு அவள் தலையை இப்படி யாரும் தொட்டதில்லை.

"அதுல இருக்கு" என்றாள் மூக்கக்கா.

"என்ன கண்ணு?"

"உங்க தாள்ல மூணாவதா எழுதியிருக்கறது. அது இந்த ஷாம்புல இருக்கு. நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியாது."

விரல்கள் நின்றன. தலைக்குள் அப்படியே இருந்தன, எடுக்கவும் இல்லை. தண்ணீர் மட்டும் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கக்கா கூரையின் ஈரத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாத நிலையில் சொன்னதற்காகவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பார்லரம்மா, "கண்ணை மூடிக்கோ. நுரை இருக்கு" என்றாள். குரல் எப்போதும் வாடிக்கைக்காரிகளிடம் பேசுகிற அதே குரல்தான். வெறும் கையாலேயே நெற்றியின் மேல் அணை கட்டி, கண்ணுக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிட்டாள்.

"விடுங்கம்மா. நீங்க கையைக் கழுவுங்க, வெறும் தண்ணியில. நான் பாத்துக்கறேன்." அது தங்கையின் குரல்.

ஒரு ஜோடி கை போய் இன்னொரு ஜோடி கை வந்தது. தங்கை முடியை அள்ளிப் பிடித்து அலசினாள். அழுத்தமாக, மென்மையாக இல்லாமல், துணி அலசுவதுபோல. தண்ணீர் காதுக்குள் போனது.

"எத்தனை தடவை போட்டே?"

"எல்லாத் தடவையும்."

தங்கை இன்னொரு முறை முடியை அள்ளிப் பிடித்தாள். கைகள் அலசிக்கொண்டே இருந்தன. நுரை எப்போதோ போய்விட்டது, தண்ணீர் சூடு குறைந்து குளிர ஆரம்பித்தது. அப்பால் இன்னொரு குழாயில் பார்லரம்மா கை கழுவும் சத்தம் கேட்டது. இரண்டு குழாய்களில் எதையும் யாரும் மூடவில்லை.